தரம் 7, தரம் 10, அதற்குப் பிறகு? வளரிளம் பிள்ளைகளை எத்தனை தரம் டொக்டரிடம் காட்டுவது

#1 மஸ்கெலியா மிஸ்

பெற்றோர் கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். 10 வயது முதல் 19 வயது வரையான பிள்ளை, காய்ச்சல் தடிமன் எதுவும் இல்லாத நேரத்தில், சும்மா பார்த்துக்கொள்வதற்காக எத்தனை தரம் டொக்டரிடம் போக வேண்டும்? இணையத்தில் தேடினால் "வருஷத்துக்கு ஒருமுறை" என்றே எல்லா இடத்திலும் வருகிறது. பாடசாலைக்கு எம்ஓஎச் ஒபிஸ்காரர்கள் (சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தார்) வந்து பார்ப்பதே போதும் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். எது சரி? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் வாசிக்கப் போகிற தாள். ஆகவே செய்யக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்.

#2 சுகாதாரக் குடை

வருஷத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்கக் கணக்கு, மிஸ். அங்கே குழந்தை மருத்துவர்களின் அட்டவணை 11 முதல் 21 வயது வரை ஆண்டுதோறும் ஒரு நோய்தடுப்புச் சந்திப்பு என்று வைத்திருக்கிறது. வைத்தார்களே தவிர, நடந்ததா? 2001–2004 காலத்துத் தரவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் அப்படி ஒருமுறையாவது போன வளரிளம் பிள்ளைகள் 38 சதவீதம்தான். இங்கிலாந்தில் அப்படியொரு வருடாந்தச் சந்திப்பே கிடையாது. பாடசாலையில் ஊசி, பாடசாலைத் தாதி, அதோடு சரி. ஆகவே அந்த "ஒருமுறை"யை வேதவாக்காகத் தாளில் போட வேண்டாம்.

இலங்கையில் நம்மிடம் இருப்பது பாடசாலை மருத்துவப் பரிசோதனை. இதில் ஒரு விதியைப் பெற்றோர் பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 200க்கு மேல் பிள்ளைகள் உள்ள பாடசாலையில் தரம் 1, 4, 7, 10 மட்டும்தான் பார்ப்பார்கள். 200க்குக் குறைந்த பாடசாலையில் எல்லா வகுப்பையும் பார்க்க வேண்டும். அதாவது மேல் டிவிஷன் தோட்டத்தின் சின்னப் பாடசாலைப் பிள்ளைக்குக் கணக்குப்படி வருஷாவருஷம் பரிசோதனை. டவுனில் பெரிய பாடசாலைக்கு அனுப்பிய பிள்ளைக்குப் பதின்ம வயதில் இரண்டே தடவை: 12 வயதுப் பக்கம் ஒன்று, 15 வயதுப் பக்கம் ஒன்று. "டவுன் ஸ்கூல்ல எல்லாம் பார்ப்பாங்க" என்பது இந்த விஷயத்தில் பொய்.

தாளின் முதல் வரியாக உங்கள் பாடசாலையின் பிள்ளைகள் எண்ணிக்கையை எழுதுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

#3 பெரட்டுக்களம்

எல்லாரும் "கூட்டிக்கிட்டு போங்க" என்று சொல்வது சுலபம். ஒரு நாள் கிளினிக் என்றால் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு. பஸ் காசு இரண்டு பேருக்கு. காலை ஆறு மணிக்கு நம்பர் எடுக்க வேண்டும் என்றால் நாலரைக்கு எழும்ப வேண்டும். சுகமாக இருக்கிற பிள்ளைக்காக இதைச் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். குறை சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

எத்தனை தரம் போவது என்பதை விட, போக வேண்டிய பிள்ளை போகிறதா என்று முதலில் கேளுங்கள். பரிசோதனை நாளில் கண், பல், இருதயம் என்று எழுதி ஒரு துண்டு கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு புத்தகப் பைக்குள் சமூகக்கல்விக் கொப்பியில் மடிந்து கிடக்கும். மாசம் கழித்துப் பை கழுவும்போது கூழாகி வெளியே வரும்.

#4 சுகாதாரக் குடை

பெரட்டுக்களம் சொன்னதுதான் இந்த முழுப் பேச்சின் நடு முடிச்சு. பரிசோதனை என்பது பாதி வேலை. மீதிப் பாதி அந்தத் துண்டு.

நடைமுறையாக ஒரு வழி: துண்டு கொடுத்த அன்றே வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் நான்கு கோடு போட வேண்டும். பெயர், எதற்காக அனுப்பினார்கள், எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தத் திகதிக்குள். இரண்டு கிழமை கழித்து அதே கொப்பியைத் திறந்து "போனியா?" என்று கேட்டால் போதும். போகாத பிள்ளைகளின் பட்டியலை பீஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுங்கள், அவருக்கும் அது வேண்டும். துண்டைப் பிள்ளையிடம் கொடுக்க முன் போனில் படம் எடுத்து பெற்றோருக்கு அனுப்புவது இன்னும் நல்லது. ஆனால் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யாருக்குப் பேன், யாருக்குச் சொறி, யாருக்குக் கண் குறை என்று முழு வகுப்பும் வாசிக்கும். பிறகு அடுத்த பரிசோதனைக்கு அந்தப் பிள்ளை வராது.

#5 ஊவா அக்கா

ஊசிகளைச் சொல்லிவிடுகிறேன், இவை டொக்டரைத் தேடிப் போகாமலே பாடசாலையில் கிடைப்பவை.

தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது. 2017இல் இருந்து தேசியத் திட்டத்தில் இருக்கிறது. தரம் 7இல் ஆண், பெண் எல்லாருக்கும் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. கொழுந்து வெட்டுகிற கத்தி, துருப்பிடித்த கம்பி, மண் எல்லாம் இருக்கிற இடத்தில் இதைத் தவறவிடக் கூடாது.

எங்கே தவறுகிறது? எச்பிவியின் இரண்டாவது ஊசி. முதல் ஊசி போட்ட பிள்ளை ஆறு மாதத்தில் தரம் 7க்கு மாறியிருக்கும், அல்லது வேறு பாடசாலைக்குப் போயிருக்கும், அல்லது அன்று லீவு. "அதுதான் ஒண்ணு போட்டாச்சே" என்று விட்டுவிடுவார்கள். தவறினால் எம்ஓஎச் கிளினிக்கில் போடலாம். இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது என்பதற்காக முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இரண்டாவதைப் போட்டால் சரி.

இன்னொன்று, மயக்கம். ஊசி நாளில் வரிசையில் நாலு பிள்ளை விழுந்தால் மருந்து கெட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. பெரும்பாலும் பயமும் வெறும் வயிறும்தான். காலையில் ரொட்டியோ சோறோ சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் 15 நிமிஷம் பெஞ்சில் உட்கார வையுங்கள், நிற்க விடாதீர்கள். ஊசி போடுகிற இடத்தை வரிசைக்கு மறைவாக வைத்தால் பாதி மயக்கம் குறையும்.

#6 லேப் தம்பி

மலைநாட்டுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, ஒருவரும் சொல்வதில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின், அதாவது ஒட்சிசனைச் சுமக்கிற சிவப்பு நிறப்பொருள்.

12 முதல் 14 வயது வரை ஆணோ பெண்ணோ ஒரு டெசிலீற்றருக்கு 12.0 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தசோகை. 15 வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு அதே 12.0, ஆண் பிள்ளைக்கு 13.0. இது கடல் மட்டத்துக் கணக்கு. உயரத்தில் வாழ்கிறவரின் உடல், காற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால் ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே உயரத்துக்கு ஏற்ப ஒரு அளவைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் இந்தக் கழிவை மாற்றி, முன்பைவிடக் கூட்டியது: 500–999 மீற்றருக்கு 0.4, 1000–1499க்கு 0.8, 1500–1999க்கு 1.1.

ஹட்டன், பண்டாரவளை இரண்டும் 1200 மீற்றருக்கு மேல். நுவரெலியா டவுன் 1868 மீற்றர். நுவரெலியாவில் வாழும் 14 வயதுப் பெண் பிள்ளையின் ரிப்போட்டில் 12.6 என்று வருகிறது என்று வையுங்கள். கடதாசியின் வலது பக்கத்தில் அச்சடித்த "நோர்மல்" எல்லைக்குள் இருக்கும், சிவப்பு அடையாளம் வராது. 1.1ஐக் கழித்தால் 11.5. இலேசான இரத்தசோகை.

ரிப்போட்டில் அச்சாகும் எல்லை மெஷினுக்குள் போட்டு வைத்த எல்லை. அந்த மெஷினுக்கு மலை தெரியாது.

#7 மஸ்கெலியா மிஸ்

அப்படியானால் 12.4 என்று வந்த பிள்ளைக்கு மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்லலாமா? பயமாக இருக்கிறது.

#8 லேப் தம்பி

வேண்டாம் மிஸ், அதற்குத்தான் வருகிறேன். எண்ணை மட்டும் வைத்து மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது. டொக்டரிடம் "நாங்க இருக்கிறது இவ்வளவு உயரம்" என்று சொல்லுங்கள், அவர் மீதியைப் பார்ப்பார். அவர் எதைப் பார்ப்பார் என்றும் தெரிந்து வைத்தால் நல்லது.

முழு இரத்த எண்ணிக்கையில் எம்சிவி, எம்சிஎச் என்று இரண்டு வரி இருக்கும். சிவப்பணுவின் பருமனும், அதற்குள் உள்ள நிறப்பொருளின் அளவும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இவை இறங்கும், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்துநராக (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருந்தாலும் இறங்கும். இரண்டுக்கும் பார்வைக்கு ஒரே முகம். பிரித்தறிய ஒரு கைக்கணக்கு: எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். எம்சிவி 66, சிவப்பணு 5.6 என்றால் 11.8. 13க்குக் கீழே என்றால் தலசீமியாப் பக்கம் சந்தேகம், மேலே என்றால் இரும்புப் பக்கம். இது சந்தேகம் கேட்கிற கணக்கு, தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்கு வேறு பரிசோதனை இருக்கிறது. ஊவாப் பக்கப் பிள்ளைகளுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம், பதுளையில் தலசீமியா நோயாளிகள் நிறையப் பேர். கடத்துநருக்கு வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தாலும் எண் ஏறாது.

ஃபெரிட்டின் என்ற சேமிப்பு இரும்புப் பரிசோதனை 15க்குக் கீழே என்றால் கையிருப்புத் தீர்ந்தது என்று அர்த்தம். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் அந்த எண் பொய்யாக ஏறி நிற்கும். ஆகவே காய்ச்சலோடு வந்த அன்றே "அப்படியே ரத்தமும் பார்த்துடலாம்" என்று எடுக்காதீர்கள்.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் சோதனைக்கும் ஒரு எச்சரிக்கை. நம் காலைக் குளிரில் பிள்ளையின் விரல் ஐஸ் மாதிரி இருக்கும், இரத்தம் வராது, பிதுக்குவார்கள். பிதுக்கினால் திசுவில் உள்ள தண்ணீரும் சேர்ந்து வரும், எண் குறைந்து காட்டும். கையை வெந்நீரில் கழுவி அல்லது இரண்டு நிமிஷம் தேய்த்துச் சூடாக்கிவிட்டுக் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும்.

#9 ஊவா அக்கா

இரும்பு மாத்திரைக்கு வருவோம். பாடசாலையில் கிழமைக்கு ஒன்று கொடுக்கிறார்களே, அதில் பாதி ஜன்னலுக்கு வெளியே புல்லில் கிடக்கிறது.

காரணம் மூன்று. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுக்கும், அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். "இது பிள்ளை உண்டாகாமல் பண்ற மாத்திரை" என்று யாராவது கிளப்பிவிட்டிருப்பார்கள். முதலாவதுக்கு மருந்து: இன்டர்வலில் சாப்பிட்ட பின் கொடுப்பது. இரண்டாவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கறுப்பு மாத்திரையில் உள்ள இரும்பால் வருவது, பயப்படத் தேவையில்லை. மூன்றாவதுக்கு ஆசிரியர் பிள்ளைகளுக்கு முன்னால் தானும் ஒன்றைப் போட்டுக் காட்டுவதை விடச் சிறந்த பிரசங்கம் இல்லை.

மாத்திரையை விழுங்கினாலும் பயன்படவிடாத நாலாவது காரணம் பிளேன் டீ, அதாவது சாயம். நாம் விளைவிக்கிற பொருளே நம் பிள்ளைகளின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டு குடலுக்குள் போகவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். காலையில் ரொட்டியும் சாயமும், பகல் சோற்றோடு சாயமும், பின்னேரம் மறுபடி சாயமும் என்றால் இரும்புக்கு வழியே இல்லை. சாயத்தை விடச் சொன்னால் யாரும் விட மாட்டார்கள், சொல்வதும் வீண். சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். மாத்திரையைச் சாயத்தோடோ பாலோடோ விழுங்கக் கூடாது, தண்ணீர்தான். கூடவே ஒரு கொய்யாப்பழமோ தேசிக்காய் பிழிந்த தண்ணீரோ இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

டொக்டர் தினமும் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தால் நான்கு கிழமையில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா, சாயம், பூச்சி, மாதவிடாய், தலசீமியா என்று வரிசையாகத் தேட வேண்டும். எண் சரியானதும் நிறுத்திவிடுவதும் பிழை. கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் எடுக்கும்.

#10 பெரட்டுக்களம்

பூச்சி என்று ஒரே வார்த்தையில் போய்விட்டீர்கள் அக்கா. கொக்கிப்புழு வாயால் மட்டும் வருவது அல்ல, பாதத்து வழியாக ஏறுவது. மண்ணில் உள்ள குடம்பி தோலைத் துளைத்து ஏறிக் குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். மலசலகூடம் உடைந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), மழைக்குப் பிறகு, வெறுங்காலோடு கானோரம் நடக்கிற பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாலும் ஒரு சில மாதத்தில் மறுபடி ஏறும். பாடசாலைக்குச் சப்பாத்து போட்டுப் போய் வீட்டில் வெறுங்காலோடு திரிவதுதான் நடக்கிறது. தாளில் "வீட்டுக்கும் செருப்பு" என்று போடுங்கள் மிஸ்.

#11 சுகாதாரக் குடை

இதையும் சேர்க்கிறேன்: பூச்சி மருந்தான மெபெண்டசோல் 500 மில்லிகிராம் ஒரே வேளை என்பது வட்டப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும், கொக்கிப்புழுவுக்குப் பலம் குறைவு. ஆகவே "பூச்சி மருந்து கொடுத்தாச்சு, அது காரணமில்ல" என்று இரத்தசோகைப் பிள்ளையில் முடிவெடுக்கக் கூடாது.

இப்போது மிஸ்ஸின் கேள்விக்கு என் பதில். பெரிய பாடசாலைப் பிள்ளைக்கு 12க்கும் 15க்கும் நடுவில் யாரும் பார்க்காத வருஷங்கள்தான் உடம்பு வேகமாக வளர்கிற வருஷங்கள். பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதிலும் உச்ச வேகத்தில் உயர்வார்கள். அந்த இடைவெளியை நிரப்ப டொக்டர் தேவையில்லை. அளவெடுக்கத் தெரிந்த ஒரு பீட்டி ஆசிரியர் போதும். வருஷத்துக்கு இரண்டு தரம், ஒரே மாதங்களில். ஆனால் அளவை ஒழுங்காக எடுக்க வேண்டும். பிழையாக எடுத்த அளவு இல்லாததை விட மோசம்.

நிறை: தராசு சீமெந்துத் தரையில், முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து. சப்பாத்து, சுவெட்டர், கோட் கழற்ற வேண்டும். மலைநாட்டில் இதுதான் பெரிய பிழை. நனைந்த கம்பளிச் சுவெட்டரும் சப்பாத்தும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். ஜனவரிக் குளிரில் சுவெட்டரோடும் ஏப்ரலில் இல்லாமலும் எடுத்துவிட்டு "பிள்ளை மெலிஞ்சிட்டு" என்று பதறுவார்கள்.

உயரம்: சுவரில் ஒட்டிய அளவுநாடா தரையிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் சுவரோரப் பட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும். குதி, பின்பக்கம், தோள் சுவரில் பட வேண்டும். பார்வை நேராக. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய ரிப்பன் முடிச்சு தலை உச்சியில் இருந்தால் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சென்ரிமீற்றர் இனாம். தலைமேல் அடிமட்டத்தைச் சாய்த்துப் பிடிக்காமல் தடித்த புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக வைத்துக் குறியுங்கள்.

உடல் திணிவுச் சுட்டி, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 42 கிலோ, 1.52 மீற்றர் என்றால் 18.2. பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே மெலிவு என்பார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது, 18.2 அந்த வயதுக்கு நல்ல இடத்திலேயே இருக்கிறது. வயதுக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் உரிய வளைகோட்டில்தான் புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளியில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று புள்ளி சேர்ந்து கோடு தட்டையாகிறதா, கீழே சாய்கிறதா என்பதுதான் செய்தி.

கண்: 6 மீற்றர் தூரம், வெளிச்சம் அட்டையின் மேல். லயத்துக் காம்பராவில் 6 மீற்றர் கிடையாது, இஸ்தோப்பில் (முன் தாழ்வாரத்தில்) நீளவாக்கில் கிடைக்கலாம், பாடசாலையில் வராந்தா போதும். ஒவ்வொரு கண்ணாக. விரலால் மூடினால் விரலிடுக்கில் பார்ப்பார்கள், உள்ளங்கையைக் கிண்ணமாக்கி மூட வேண்டும், கண்ணை அழுத்தக் கூடாது. வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் படிக்கிறவனைக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். இடது கண்ணுக்கு எழுத்தைக் கடைசியிலிருந்து முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள், யாருக்குக் கண் தெரியவில்லை என்று உடனே தெரியும். 6/12 (மற்றவர் 12 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றரில்தான் வாசிக்க முடிவது) அல்லது அதைவிட மோசம் என்றால் கண் கிளினிக். கரும்பலகைக்குக் கிட்டப் போய் எழுதுகிற பிள்ளை, பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளை இரண்டையும் அடிக்கும் முன் கண்ணைப் பாருங்கள்.

இரத்த அழுத்தம் வீட்டிலோ பாடசாலையிலோ எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. குளிரில் வந்த கை, நடந்து ஏறி வந்த மூச்சு, பெரியவர்களுக்கான கைப்பட்டி மூன்றும் சேர்ந்தால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கைக்குச் சின்னதான பட்டி பொய்யாகக் கூட்டியும், பெரியது குறைத்தும் காட்டும். ஆஸ்பத்திரியில் எடுத்தாலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான். 13 வயதுக்கு மேல் 130/80 அல்லது கூடுதலாக மூன்று வெவ்வேறு நாட்களில் வந்தால் டொக்டர் மேலே பார்ப்பார்.

#12 கடைவாய்ப்பல்

பல்லை ஒருவரும் பேசவில்லை, வழக்கம்தான். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்து நேர்ஸ் 13 வயது வரைதான் பார்ப்பார். 13 முடிந்ததும் பிள்ளை கதவுக்கு வெளியே. பிறகு ஆஸ்பத்திரியின் பல் டொக்டர், வலி வந்தபிறகு. இரண்டாவது கடைவாய்ப்பல் முளைப்பது ஏறக்குறைய 12 வயதில். புதுப் பல், ஆழமான குழிகள், முளைத்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் சொத்தை பிடிக்கிறது. சரியாகப் பார்க்கவேண்டிய வயதில் பார்க்க ஆள் மாறுகிறது. ஆகவே 13வது பிறந்தநாளுக்கு முன் ஒருமுறை நேர்ஸிடம் காட்டி அடைக்க வேண்டியதை அடைத்துவிடுங்கள். பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது.

வெற்றிலை. கூடையோடு இடுப்பில் பை தொங்கும், பிள்ளை பத்து வயதில் பாக்கைச் சும்மா ஒரு துண்டு கடிக்கும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும், வாயின் உள்தோலை இறுக்குவதற்கு. வீட்டில் பார்க்கக்கூடிய சோதனை: வாயைத் திறக்கச் சொல்லி, பிள்ளையின் சொந்த மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் காட்ட வேண்டும். காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்ளே வெளிறிய பட்டை, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், இவை இருந்தால் வருஷாந்தத் தவணைக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

#13 மஸ்கெலியா மிஸ்

நன்றி. பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சிக்கல். அம்மாவோடு போனால் வாயே திறப்பதில்லை. தனியாகப் போகவும் மாட்டார்கள்.

#14 ஊவா அக்கா

நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இது முக்கியம். அம்மா உட்கார்ந்திருக்க 16 வயது மகளிடம் "மாசம் ஒழுங்கா வருதா, யாராவது தொந்தரவு பண்றாங்களா" என்று கேட்டால் என்ன பதில் வரும்? தலையாட்டல். டொக்டர்கள் நல்ல முறை என்று சொல்வது: முதலில் இருவரோடும் பேசி, பிறகு அம்மாவை ஐந்து நிமிஷம் வெளியே இருக்கச் சொல்லி, வீடு, படிப்பு, சாப்பாடு, நண்பர், பீடி சிகரட், மனசு என்று பிள்ளையிடம் தனியாகக் கேட்பது. டொக்டருக்கு நேரமில்லாவிட்டால் அம்மாவே "நான் வெளியே நிற்கிறேன்" என்று எழும்பலாம். இதை உங்கள் தாளில் தனி வரியாகப் போடுங்கள், மிஸ். அம்மாமாருக்கு அது தங்கள் மீதான அவமானம் அல்ல என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிகளில் "யொவுன் பியச" என்ற பெயரில் இளையோர் நிலையங்கள் சில இடங்களில் நடக்கின்றன. உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். மனசு சம்பந்தமானதற்கு 1926, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். 1929 சிறுவர் பாதுகாப்பு.

மொழி. டொக்டர் சிங்களம் மட்டும் பேசுகிற இடத்தில் தம்பியையோ பக்கத்து வீட்டு மாமாவையோ மொழிபெயர்க்க வைத்தால், மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் "வயித்து வலி" ஆகிவிடும். தமிழ் தெரிந்த தாதியையோ உதவியாளரையோ கேளுங்கள், கேட்பது உரிமை. சொல்ல வேண்டியதை எண்ணாக எழுதிக்கொண்டு போனால் பாதி மொழிபெயர்ப்பு மிச்சம்: கடைசி மாதவிடாய்த் திகதி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட்.

எப்போது கட்டாயம் காட்டுவது என்றால், 15 வயது முடிந்தும் பெரிய பிள்ளையாகாதது, ஏழு நாளுக்கு மேல் போவது, ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைவது, மூன்று மாதம் வராமலே இருப்பது. முதல் இரண்டு வருஷம் தேதி முன்னே பின்னே வருவது சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

#15 பெரட்டுக்களம்

பாடசாலையில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். 16 வயதோடு கட்டாயக் கல்வி முடிகிறது. ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதினபிறகு கொழும்புக்குக் கடை வேலைக்கும் காமென்டுக்கும் போகிற பிள்ளையை யார் பார்ப்பது? தரம் 10 பரிசோதனைதான் அந்தப் பிள்ளை வாழ்க்கையில் கடைசி. அதற்குப் பிறகு பெண் என்றால் கர்ப்பிணிக் கிளினிக், ஆண் என்றால் விபத்து.

#16 சுகாதாரக் குடை

அதனால்தான் என் கணக்கில் மூன்றாவது ஒரு தடவை இருக்கிறது, யாரும் அழைக்காத தடவை. ஓ.எல் எழுதி முடித்து முடிவு வரும் வரை வீட்டில் இருக்கிற அந்த மாதங்கள். வேலைக்கோ வெளியூர் வகுப்புக்கோ போகும் முன், ஆஸ்பத்திரி ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) ஒருமுறை: நிறை, அழுத்தம், ஹீமோகுளோபின், கண், பல், போடாமல் விட்ட ஊசி. திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றுதான் கூட்டம். அம்மாவின் அல்லது பாட்டியின் பிரஷர் கிளினிக் நாளோடு சேர்த்துப் போனால் ஒரே பஸ் காசு, ஒரே பேர் இழப்பு.

ஏற்கெனவே கிளினிக்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வயதுதான் ஆபத்து. சிறுவர் கிளினிக்கில் இருந்து பெரியவர் கிளினிக்குக்கு மாற்றும் கடிதம் கையில் கொடுத்ததோடு பல பேர் காணாமல் போகிறார்கள். வாதக் காய்ச்சலில் இருதய வால்வு பழுதான பிள்ளைக்கு 3 அல்லது 4 கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி. "நல்லாத்தானே ஓடுறேன்" என்று விட்டால் அடுத்த தொண்டை நோவு வால்வை இன்னும் கெடுக்கும். வலிப்பு மருந்தை ஓ.எல் சமயம் தூக்கம் வருகிறது என்று நிறுத்துவது, ஆஸ்துமாக்காரர் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிட்டு நிவாரண இன்ஹேலரை மட்டும் பனி நாளில் உறிஞ்சுவது, இரண்டும் இதே வகை. இந்தப் பிள்ளைகளுக்கு "எத்தனை தரம்" என்ற கேள்வியே இல்லை, கொப்பியில் எழுதின திகதிதான். பழைய கிளினிக் கொப்பியையும் இருதய ஸ்கேன் ரிப்போட்டையும் கடிதத்தோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், புது இடத்தில் அவை இல்லாமல் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் மரதன் ஓட வைக்கிறீர்களே, அதற்கும் ஒரு வரி. ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் இருதயம் பார்க்காமல் ஓட விடக் கூடாது.

#17 மஸ்கெலியா மிஸ்

தாள் இரண்டு பக்கமாகிவிட்டது, பரவாயில்லை. கடைசியாக ஒன்று. பிறந்தபோது கொடுத்த வளர்ச்சிக் கொப்பி பலரிடம் இல்லை. ஊசி போட்டதா என்றே தெரியாது.

#18 ஊவா அக்கா

பாடசாலையில் போட்ட ஊசிகளுக்கு எம்ஓஎச் ஒபிஸில் பதிவு இருக்கும். பாடசாலையின் பெயர், வருஷம், அப்போது படித்த வகுப்பு மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் தேடுவது சுலபம். குழந்தைப் பருவத்து ஊசிகளுக்கு அந்தப் பிரிவின் மிட்வைஃபைக் கேட்க வேண்டும். தோட்டம் மாறி வந்த குடும்பம் என்றால் பழைய தோட்டத்து மிட்வைஃப்.

கொப்பி இருக்கிறவர்களுக்கு: ஊசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து இரண்டு பேரின் போனில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக் கூரை ஒழுகும், ஆகவே கொப்பியை ஜிப் பையில் போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். லெமினேட் மட்டும் பண்ணாதீர்கள். அக்கறையாய் லெமினேட் பண்ணிக்கொண்டு வருகிறார்கள், அடுத்த ஊசியை எங்கே எழுதுவது?